கொடியை என்ன செய்யட்டும்?

நியூசிலாந்தின் வெலிங்டனில் மகள் வீட்டு அடுக்களையில் சுக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மருத்துவச்சி மகளின் வயிற்றை அளந்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். 36-ஆவது வாரம். பிரசவத்தின்போது யார் கூட இருக்க வேண்டும், வலிக்கு மருந்து வேண்டுமா, அறையில் விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், அதே குரலில் இதையும் கேட்டார்: “பிறந்த பிறகு கொடியை என்ன செய்யட்டும்? வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா?”

என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. 34 வருடம் செவிலியாக இருந்தவள் நான். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. எத்தனை ஆயிரம் கொடிகளை இந்தக் கைகள் வாங்கியிருக்கும்! துண்டு ஏதும் உள்ளே தங்கிவிடவில்லையே என்று தட்டில் விரித்துப் பார்ப்போம். மஞ்சள் பையில் போடுவோம். அடுத்த கட்டிலுக்குப் போவோம். இது உனக்கு வேண்டுமா என்று ஒரு தாயிடமும் நான் கேட்டதில்லை. கேட்கக்கூடிய கேள்வி என்றே தோன்றியதில்லை.

எங்கள் வார்டில் அதற்கு நஞ்சு என்று பேர். “நஞ்சு விழுந்துட்டா சிஸ்டர்?” என்றுதான் ஒருவரையொருவர் கேட்போம். என் ஆச்சி அதை இளங்கொடி என்பாள். என்னுடையதைத் தொழுவத்துக்குப் பின்னால், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்ததாகச் சொல்லி, ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இடத்தையும் காட்டினாள். பிற்பாடு செவிலியர் பயிற்சிக்குக் கிளம்பியபோது, பாவாடை தாவணியோடு அதையும் ஊரில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் கொடிக்கும் மண்ணுக்கும் ஒரே சொல்தான் என்று அந்த மருத்துவச்சி சொன்னார். ஃபெனுவா. பிறந்த குழந்தையின் கொடியைக் குடும்பத்தின் நிலத்தில் புதைப்பார்கள். அந்தப் பிள்ளை பிறகு எங்கே போய் வாழ்ந்தாலும் அவனுக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம். இருபதாம் நூற்றாண்டில் பிரசவங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்தபோது கொடிகள் எரிகலனுக்குப் போயின. எரித்தவர்களுக்கு அது கழிவு. பெற்றவளுக்கோ, தன் நிலத்தையே எரித்த மாதிரி. இப்போது அங்கே பிரசவம் பார்க்கிறவர்கள் இதைக் கேட்பது வழக்கமாகிவிட்டது, தாய் எந்த இனத்தவளாக இருந்தாலும்.

மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எனக்கு வேண்டாம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றாள்.

“ஏட்டி, பின்கட்டுல ஒரு தொட்டியிலயாவது...” என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தேன்.

“இது வாடகை வீடும்மா. அதோட, எனக்கே வேண்டாம்னுதான் தோணுது.”

நாங்கள் பேசி முடிக்கும்வரை மருத்துவச்சி காத்திருந்தார். என் பக்கம் திரும்பி, உங்கள் வழக்கம் என்ன என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மகளைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள், ‘வேண்டாம்’ என்று குறித்துக்கொண்டார். வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு மனது கொஞ்சம் சுணங்கித்தான் போனது. அது ஏன் சரி என்று விளங்க, எனக்கு ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருந்தது.

நியூசிலாந்தில் கர்ப்பிணி தன் மருத்துவச்சியைத் தானே தேர்ந்துகொள்கிறாள். டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கலாம் என்று 1990-இல் சட்டம் மாறியது. கர்ப்பத்தில் வந்து பார்ப்பவரே பெரும்பாலும் பிரசவத்திலும் கூட இருக்கிறார், பிறகு சில வாரங்களுக்கு வீடு தேடி வருகிறார். எங்கள் பக்கம் ஒரு தாயின் பெயர் எனக்குத் தெரிவதற்குள் அவள் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருப்பாள். ஒரே ஆள் தொடர்ந்து வருவதால்தான் இப்படிக் கேள்விகள் கேட்க முடிகிறது என்று நினைக்கிறேன். அவசரத்தில் நல்ல கேள்வி பிறக்காது.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். வார்டில் நான் பார்த்தவற்றில் சிலதை மட்டும் சொல்கிறேன். தலைக்கு வைக்கும் தலையணைக்கு ஒரு நிற உறை. காலுக்கோ இடுப்புக்கோ முட்டுக் கொடுப்பதற்கு வேறு நிற உறை. இரண்டும் கலக்காது. மாவோரிகளுக்குத் தலை ‘தாபு’, விலக்கும் புனிதமும் சேர்ந்த ஒரு நிலை. உடம்பின் கீழ்ப்பகுதிக்கு வைத்ததைத் தலைக்கு வைப்பது அவமதிப்பு. சாப்பாடு வரும் மேசையில் சிறுநீர்ப் பாத்திரம் வைக்கக் கூடாது. அதன்மேல் யாரும் உட்காரவும் கூடாது. நான் மகளுக்குத் தலைவாரிவிட்டு, சீப்பை அந்த மேசையில் வைத்தேன். உதவிக்கு வந்த மாவோரிப் பெண் அதைச் சிரித்த முகத்தோடு எடுத்துப் பக்கத்து அலமாரியில் வைத்து, தலைக்கு உரியது சோறு இருக்கும் இடத்தில் இருக்கலாகாது என்றார். ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பாள்.

கழுத்தில் பச்சைக்கல் பதக்கம் அணிந்தவர்கள் அறுவைக்குப் போகும்போது, ஆபத்தில்லாத இடங்களில், அதைக் கழற்றச் சொல்லாமல் உடம்போடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவதும் உண்டு. தியேட்டர் வாசலில் தாலியைக் கழற்றச் சொன்னதும் முகம் செத்துப்போன எத்தனையோ பெண்கள் என் நினைவில் வந்தார்கள். எங்களிடமும் பிளாஸ்திரி இருந்தது.

குழந்தை எங்கே தூங்குவது என்பதில் எனக்கும் வார்டுக்கும் ஒத்துவரவில்லை. பச்சைப் பிள்ளை தாயின் அணைவில்தான் கிடக்க வேண்டும் என்பது என் எண்ணம். தூக்கத்தில் திடீரென்று குழந்தை இறந்துபோகும் ஆபத்தைச் சொல்லித் தனித் தொட்டில்தான் வேண்டும் என்றார்கள். காரணம் எனக்கும் தெரியும். மருத்துவச்சி வீட்டுக்கு வந்தபோது ‘வஹகுரா’ என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். நார்ச்செடி இலைகளால் முடைந்த, தட்டையான அடியுள்ள சிறு கூடை. மாவோரிக் குழந்தைகளிடையே இந்த மரணம் மிக அதிகமாக இருந்தது. பிள்ளையோடு படுக்காதே என்ற அறிவுரையைத் தாய்மார்கள் ஏற்கவில்லை. சேர்ந்து படுப்பது அவர்கள் வாழ்க்கை. 2006 வாக்கில் கிஸ்பர்ன் பகுதியில் டேவிட் தீபெனெ-லீச் என்ற மாவோரி மருத்துவரும் கூடை முடைபவர்களும் சேர்ந்து, பழைய முடைதல் கலையைக் கொண்டு இதை உருவாக்கினார்கள். கூடை தாயின் படுக்கையிலேயே இருக்கும். குழந்தைக்கு மட்டும் தனித் தளம். அணைவும் போகவில்லை, மூச்சும் அடைபடவில்லை. பின்னால் வந்த வருடங்களில் நாட்டில் குழந்தை இறப்பு இறங்கியதில் இந்தக் கூடைக்கும், இதைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் படுக்கைகளுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். ‘கூடாது’ என்ற சொல்லை எத்தனை தாய்மாரிடம் எத்தனை உரக்கச் சொல்லியிருக்கிறேன் என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா ஊரிலிருந்து வந்து இறங்கியதும் எனக்கு ஒரு வார விடுதலை கிடைத்தது. மகளின் தோழி, நாகர்கோவில் பெண், கிறைஸ்ட்சர்ச்சில் தேர்வு எழுதப் போகிறாள். துணைக்குப் போய்வாருங்கள் என்றாள் மகள். வெளிநாட்டில் படித்த செவிலியர் அங்கே பதிவு பெறுவதற்கான செயல்முறைத் தேர்வு அது. இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் போகிறார்கள். பல அறைகள், ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர், பேசுவது, தொடுவது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அதற்கு முன்பே, அந்த நாட்டுப் பண்பாடு பற்றிய பாடங்களை முடித்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் துறைமுகத்தை ஒட்டிய தே பாப்பா அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவர்களுடைய சேகரிப்பில் ஒரு தமிழ் மணி இருக்கிறது. முழு மணியில்லை, உடைந்த வெண்கல மணியின் மேல்பகுதி. 1836 வாக்கில் வடக்கே ஃபாங்கரே பக்கத்து மாவோரிக் கிராமம் ஒன்றில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைக் கண்டார். உருளைக்கிழங்கு வேகவைக்கும் பானையாக இருந்தது. ஒரு மரம் சாய்ந்தபோது அதன் வேருக்கடியில் கிடைத்ததாம். விளிம்பைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்து: முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இன்றுவரை முடிந்த முடிவு இல்லை. நான் போன நாளில் காட்சிக்கு இல்லாததால் படத்தில்தான் பார்த்தேன். அதில் கிழங்கு வேகவைத்தவர்களும் சரி, அதைக் கண்டு போற்றி வைத்த மிஷனரியும் சரி, எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள்.

ஆனால் அந்தக் கொலென்சோவைப் பற்றி இன்னொன்று உண்டு. அவர் அச்சுத் தொழில் தெரிந்தவர். 1840 பிப்ரவரி 6-ஆம் தேதி வைதாங்கியில் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அங்கே இருந்தார். தலைவர்கள் கையெழுத்திட வரிசையாக வரும் நேரத்தில் குறுக்கே பேசி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று துணைநிலை ஆளுநர் ஹாப்சனிடம் கேட்டார். புரியவில்லை என்றால் அது என் குற்றமில்லை என்கிற தொனியில் பதில் வந்தது. ஆங்கிலப் பிரதி ஒன்று சொல்ல, மாவோரிப் பிரதி வேறொன்று சொல்ல, அந்த இடைவெளியில் நிலம் போனது, மொழி போனது, உடம்பும் போனது. கொலென்சோ கேட்ட கேள்வியை அருங்காட்சியகத்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு அறுவைக்கு முன் வாங்கும் சம்மதப் படிவம்தான் ஞாபகம் வந்தது. “இங்கன ஒரு கையெழுத்துப் போடு. தெரியாதா? சரி, பெருவிரலை நீட்டு.” மையைத் தடவிவிடுகிற கை என் கையாகத்தான் இருக்கும்.

வெலிங்டனிலிருந்து தென்தீவின் பிக்டனுக்குக் கப்பல் மூன்றரை மணி நேரம். குக் நீரிணை அமைதியான கடலுக்குப் பேர்போனது அல்ல. அன்று காற்று சுமாராக இருந்ததால் பிழைத்தோம். நாகர்கோவில் பெண் கப்பலேறியதிலிருந்து உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மருந்து அளவுகளை ஒப்பிக்கிறாள் என்று நினைத்தேன்.

“இல்ல ஆன்ட்டி, மலையும் ஆறும்” என்றாள்.

மாவோரிகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள். முதலில் மலை, பிறகு ஆறு, முன்னோர் வந்த தோணி, கூட்டம், கடைசியாகப் பெயர். இதற்குப் பெப்பெஹா என்று பேர். நோயாளியிடம் போனதும் எடுத்த எடுப்பில் நோயைப் பற்றிக் கேட்காமல், நான் யார், நீங்கள் யார், நமக்குள் எங்கேயாவது ஒரு நூல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்மூர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவி, “எந்தூரு தாயி, யாரு வீட்டுப் பிள்ள?” என்று ஆரம்பிப்பாளே, அதுதான். வார்டுக்குள் வந்ததும் அதை வெட்டிப் பேச்சு என்று நாங்கள் வெட்டிவிடுவோம்.

“என்ன மலை சொல்லப் போறே?”

“மருந்துவாழ் மலை. ஆறு, பழையாறு. சின்ன வயசுல மாடியில நின்னா தெரியும் ஆன்ட்டி. ஆனா ‘என் மலை’ன்னு அவங்க சொல்ற மாதிரி சொல்லக் கூடாதாம். அது அவங்களுக்கு உரிமைப்பட்ட பேச்சு. ‘நான் பார்த்து வளர்ந்த மலை’ன்னு சொல்லணும்.”

ஒரு செவிலிக்கு மருந்துவாழ் மலையைவிடப் பொருத்தமான மலை உலகத்தில் எங்கே இருக்கிறது! அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை. மனப்பாடம் செய்யும் பதற்றத்தில் இருந்தாள். அர்த்தத்தை மாவோரி ஆளிடம் சொல்லேன், சந்தோஷப்படுவார்கள் என்றேன். முகம் மலர்ந்து, காகிதத்தின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டாள்.

அவளுடைய பாடக் கட்டில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இரிஹாபேடி ராம்ஸ்டன். 1946-இல் பிறந்த மாவோரிப் பெண். வெலிங்டனில் செவிலியர் பயிற்சி பெற்றவர். 2003-இல் புற்றுநோயால் இறந்தார். இறப்பதற்கு முந்தின வருடம்தான் செவிலியத்தில் பண்பாட்டுப் பாதுகாப்பு பற்றிய முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். அதன் சுருக்கத்தைக் கப்பலில் படிக்கத் தொடங்கி, பிக்டனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் போகும் ரயிலிலும் படித்துக்கொண்டே போனேன்.

பயிற்சிப் பள்ளியில் சில வருடம் நான் பாடமும் எடுத்திருக்கிறேன். இந்தப் பொருளில் எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் அமெரிக்கரான மேடலின் லைனிங்கர். 1950-களில் குழந்தைகள் மனநலக் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தபோது, ஒவ்வொரு சமூகத்துக் குழந்தையும் ஆறுதலை ஒவ்வொரு விதமாகத் தேடுவதைக் கவனித்தவர். பிறகு மானுடவியல் படித்து, பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் கட்சப் மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். நோயாளியின் பண்பாட்டை அறியாமல் பராமரிப்பு இல்லை என்பதை முதலில் அழுத்திச் சொன்னவர் அவர்தான், அந்தக் கடன் பெரிது. அதை நாங்கள் பாடமாக்கியபோது என்ன ஆயிற்று என்றால், பட்டியல் ஆயிற்று. முஸ்லிம் நோயாளி என்றால் இது, இந்து என்றால் இது, பழங்குடி என்றால் இது. பத்து மதிப்பெண் கேள்வி.

ராம்ஸ்டன் அங்கேதான் வேறு பாதையில் திரும்புகிறார். மாவோரி வழக்கங்களைச் செவிலியர்களுக்குக் கற்பித்தால் போதும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. பட்டியல் படித்தவர் நோயாளியைவிட நோயாளியின் பண்பாடு தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கத் தொடங்குவார். செவிலி முதலில் படிக்க வேண்டியது தன்னை என்றார். நான் எந்தச் சாதி, எந்த வர்க்கம், என் சீருடைக்கு என்ன அதிகாரம், என் மூக்கு எதைக் கண்டு சுளிக்கிறது, என் மக்கள் இவருடைய மக்களுக்கு என்ன செய்தார்கள். பண்பாடு என்று அவர் சொன்னதில் இனம் மட்டும் அடக்கமில்லை. வறுமை, வயது, பால், உடல் குறை எல்லாம் சேரும். சாதி, சமயம், நிறம் பாராமல் ஒரே மாதிரி கவனிப்பதுதான் நல்ல செவிலியம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள் நாங்கள். பாராமல் கவனிப்பது எப்படி முடியும், பார்த்துத்தான் கவனிக்க வேண்டும் என்கிறார் அவர். பாராமல் என்றால், நடைமுறையில், எல்லாரையும் செவிலியைப் போன்றவராக நினைத்துக் கவனிப்பது.

அதைவிட என்னை உலுக்கியது அடுத்தது. கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, கவனிப்பைப் பெற்றவருக்கே. செவிலிக்கு இல்லை, மேட்ரனுக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்கும் இல்லை.

ரயில் கைகோராவுக்குக் கொஞ்சம் முன்பு கடலை ஒட்டியே ஓடுகிறது. ஒரு பக்கம் மலை தண்டவாளத்தின் மேலேயே சாய்ந்து நிற்கிறது. மறுபக்கம் கறுத்த பாறைகளில் கடல்நாய்கள் வெயில் காய்கின்றன. 2016 நவம்பர் நிலநடுக்கத்தில் இந்தப் பாதை பெயர்ந்து, பயணிகள் ரயில் மறுபடி ஓட இரண்டு வருடமாயிற்று. ரயிலில் எல்லாரும் ஜன்னல் பக்கம் எழுந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கேயோ இருந்தேன்.

பல வருடத்துக்கு முன் பாபநாசம் மலைக்கு மேலிருந்து ஒரு காணிக்காரப் பழங்குடிப் பெண் பிரசவத்துக்கு வந்தாள். இருபது வயது இருக்கும். தாய்க்காரி கூட வந்தாள். வார்டுக்குள் விடமாட்டோம் என்றதால் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. பெண் வலியில் தரையில் இறங்கி உட்காரப் பார்த்தபோதெல்லாம் பிடித்துக் கட்டிலில் ஏற்றினோம். நான்தான் ஏற்றினேன். சத்தம் போட்டேன். பிரசவம் சுகமாக முடிந்தது. தாய்க்காரி சுடுதண்ணீரில் ஏதோ இலை போட்டுக் கொண்டுவந்து நீட்டியதை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை கட்டில் காலியாக இருந்தது. பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை, வராந்தாவில் கிழவியும் இல்லை.

கேஸ் ஷீட்டில் ‘சொல்லாமல் சென்றுவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஏன் போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் போய்க் கேட்கவில்லை. தையல் போட்ட உடம்போடு, பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இருட்டில் பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்தாளோ. அவள் சொல்லாமல் போகவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தத் தீர்ப்பை நான் அவள் குற்றமாக எழுதிவைத்தேன்.

நியூசிலாந்திலும் மாவோரிகள் மருத்துவமனைக்கு வருவதில்லை, வந்தாலும் தாமதமாக வருகிறார்கள், பாதியில் போய்விடுகிறார்கள் என்ற புகார் வெகுகாலம் இருந்தது. அவர்களுடைய வைத்தியர்களான தொஹுங்காக்களை ஒடுக்க 1907-இல் சட்டம் போட்டார்கள். 1962 வரை அது புத்தகத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளைகளை அடித்தார்கள். 1908-இல் பதிவு பெற்ற மாவோரிச் செவிலி அகெனெஹி ஹெய், தன் மக்களிடையே வேலை பார்த்து, உறவினர்களுக்கு டைபாய்டு பணிவிடை செய்யும்போது தானும் அது தொற்றி 1910-இல் இறந்தார். அப்படிப்பட்டவர்கள் இருந்தும், அமைப்பு மாறவில்லை. இந்த வரலாறு தெரியாமல், ஏன் வரவில்லை என்று நோயாளியைக் கேட்பதில் நியாயமில்லை என்பதுதான் ராம்ஸ்டனின் வாதம்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியபோது சாயங்காலம். வெளிச்சம் போக ஒன்பது மணிக்கு மேலாகும். இந்த ஊரில்தான் 1988-இல் மாவோரிச் செவிலியர்களும் மாணவிகளும் கூடிய ஒரு கூட்டத்தில், முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். சட்டப்படி பாதுகாப்பு என்கிறீர்கள், நெறிமுறைப்படி பாதுகாப்பு என்கிறீர்கள், கைவேலையில் பாதுகாப்பு என்கிறீர்கள். எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டாள். ராம்ஸ்டன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற அந்தக் கருத்துக்கு மாவோரியில் ‘காவா ஃபகாருருஹாவ்’ என்று பேர் வைத்தார்கள். சூழ்ந்து காக்கும் நிழல் என்ற பொருள் அதில் இருக்கிறது. 1992-இல் செவிலியர் கவுன்சில் அதைச் செவிலியர் கல்வியில் கட்டாயப் பாடமாக்கியது. எளிதில் நடக்கவில்லை. வெள்ளைக்கார மாணவர்களைக் குற்றவுணர்வில் தள்ளுகிறார்கள், படிப்பைக் கெடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின; நாடாளுமன்றக் குழுவரைக்கும் விவகாரம் போனது. 1996-இல் வழிகாட்டுதல்களைத் திருத்தி எழுதினார்கள், ஆனால் கைவிடவில்லை. அதே வருடம் நோயாளிகளின் 10 உரிமைகள் சட்ட வலுவோடு வந்தன. அந்தப் பத்தும் மகளின் வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தன. பண்பாட்டுக்கும் நம்பிக்கைக்கும் மதிப்புக் கொடுப்பது முதல் உரிமையிலேயே வருகிறது.

இதையெல்லாம் படித்த பிறகுதான், மருத்துவச்சி என் பக்கம் ஏன் திரும்பவில்லை என்பது உறைத்தது. அவர் என்னிடம் கேட்டிருந்தால் ‘தமிழர் வழக்கம்’ கிடைத்திருக்கும். கொடி என் மகளுடையது.

நாடு இதில் ஜெயித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. மக்கள்தொகையில் ஆறில் ஒருவருக்கு மேல் மாவோரி. செவிலியர்களில் அவர்கள் பங்கு அதில் பாதிகூட இல்லை. மாவோரிகளின் ஆயுள் மற்றவர்களைவிட இன்னமும் பல வருடம் குறைவு. தலையணை உறையின் நிறத்தை மாற்றுவது சுலபம். ஆனாலும் ஒரு தேசத்துச் செவிலியர்கள் தங்கள் தொழிலின் நடுவில் அந்த மாணவியின் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறார்களே, அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

தேர்வு முடிந்து வந்தவள் பேச்சில்லாமல் இருந்தாள். முடிவு வர நாளாகும். கொஞ்ச தூரம் நடப்போம் என்று ஏவன் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். வில்லோ மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. தென்கரையில் நீளமான சலவைக்கல் சுவர் ஒன்று இருக்கிறது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரின் பெயர்கள். அதில் 115 பேர் ஒரே கட்டடத்தில் இறந்தவர்கள். அங்கே ஓர் ஆங்கிலப் பள்ளி நடந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செவிலியர்கள், இந்த நாட்டில் வேலை செய்ய ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவர்கள், அந்த வகுப்பறைகளில் இருந்தார்கள்.

அவளுக்கு இது தெரியாது. நான் சொன்னதும் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொரு பெயராக விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனாள். தெரியாத உச்சரிப்பு வந்த இடத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“சிஸ்டர்மாரெல்லாம் யாரு யாருன்னு தெரியலையே ஆன்ட்டி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எந்த மலைப் பக்கமோ” என்றாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. அடுத்த வரியை நான் வாசித்தேன்.